பெட்டி அதே, ஆட்டம் வேறு
வெள்ளகோவில் வீட்டில் பேரன் மரப்பெட்டி செய்து, அதில் பழைய வீடியோ கேம் போர்டு ஒன்றைப் பொருத்துகிறான். அடியிலுள்ள ஈயப்பற்று எதிலும் படாமலிருக்க, நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் தாங்கி வைத்துத் திருகுகிறான்.

1978-ல் ஜப்பானில் டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்த காலத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒயரிங் வேறு. 1985-ல் 'ஜாமா' என்ற 56 முனை இணைப்பு வந்தது. அதன்பின் பெட்டி அதேதான். போர்டை மாற்றினால் ஆட்டம் மாறும்.

பிரெஞ்சில் படித்த எனக்கு லியோன் நகரத்து ஜக்கார் நினைவுக்கு வந்தார். தறி அதேதான், துளையட்டையை மாற்றினால் பூ மாறும் என்று 1804-லேயே செய்து காட்டியவர். தறிச்சத்தத்தில் விடியும் நம்மூருக்கு இதை விளக்கவா வேண்டும்?

இவன் அப்பனை அன்று கேம் கடையிலிருந்து காதைத் திருகி இழுத்து வந்தவன் நான். இன்று டார்ச் பிடித்து நிற்கிறேன். மகன் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் திருப்புளியை எடுத்துக் கொடுத்தான்.