எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்

ஜி.என்.டி. ரோட்டில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களோடு கொஞ்ச தூரம் போய், கிழக்கே திரும்பினால் பழவேற்காடு ஏரி. ஒரு தை மாதக் காலையில் படகில் இருந்தேன். தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு. பூநாரைகள்.

"இதுக்கு மேல போனா மொத்தமா எழுந்துடும் சார்" என்றார் படகுக்காரர்.

சரி, இங்கேயே நிறுத்துங்க என்றேன். பையில் 300 மி.மீ. லென்ஸ், ஒரு 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர், ஒரு 2 மடங்கு டெலிகன்வர்ட்டர். இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக மாட்டினேன். 300 மி.மீ. 840 ஆனது. பறவை பெரிதாகத் தெரிந்தது. வந்த படங்களோ ஒன்றும் உருப்படியில்லை.

ஏன் என்று தேடப்போய்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

கதை ஒரு வகையில் பழவேற்காட்டுக்கும் சொந்தம். 1608-இல் ஹாலந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற கண்ணாடிக்காரர் தொலைநோக்கிக்கு உரிமம் கேட்டு மனு போட்டார். 1613-இல் அதே நாட்டு வணிகர்களின் கெல்டிரியா கோட்டை இந்த ஏரிக்கரையில் நின்றது. இடையில், 1611-இல், கெப்ளர் தன் ஒளியியல் நூலில் ஒரு விஷயம் சொன்னார்: குவிலென்சுக்குப் பின்னால் ஒரு குழிலென்சை வைத்தால் விழும் பிம்பம் பெரிதாகும். டெலிகன்வர்ட்டரின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

1830-களில் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் இதைத் தனித் துணைக்கருவியாக ஆக்கினார். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இன்றும் 'பார்லோ லென்ஸ்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். 1891-இல் லண்டனில் டால்மையர் அதே யோசனையைக் கேமராவுக்குக் கொண்டுவந்தார். முன்னால் குவிப்பகுதி, பின்னால் குழிப்பகுதி. அதற்குப் பெயர் டெலிஃபோட்டோ லென்ஸ். அதாவது, டெலிஃபோட்டோ லென்சுக்குள்ளேயே ஒரு கன்வர்ட்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நாம் இரண்டு கன்வர்ட்டர் மாட்டுவது அதன் மேல் இன்னும் இரண்டு மாடி கட்டுகிற வேலை.

ஆனால் அந்தக் காலத்துத் தகடுகளுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். பறவை கிட்டத்தில் இருக்கணும், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரணும். அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்று: கூடு. இந்தியாவில் ரயில்வேயில் வேலை பார்த்த இ.எச்.என். லோதர் 1949-இல் வெளியிட்ட பறவைப்பட நூலும், 1957-இல் வந்த லோக் வான் தோவின் நூலும் பெரும்பாலும் மறைவிடம் கட்டி, கூட்டருகே காத்திருந்து எடுத்த படங்களால் ஆனவை. அபாரமான படங்கள்தான். ஆனால் கூட்டருகே மனித நடமாட்டம் இருந்தால் தாய்ப்பறவை திரும்பத் தயங்கும், முட்டை வெயிலில் காயும், காக்கை கவனித்துவிடும். இன்று பல பறவை ஆர்வலர் குழுக்கள் கூட்டுப் படங்களையே ஏற்பதில்லை.

நம்மூரில் இதற்கு இன்னொரு வழி பார்த்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). அ. மாதவையாவின் மகன். ஒரு கம்பெனியின் கேமரா உடல், இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்ற உதிரிகள் எல்லாவற்றையும் தானே சேர்த்துக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். நண்பர் இ.பி. ஜீ 1964-இல் வந்த தன் நூலில் இந்த ஒட்டுவேலையைச் செல்லமாகக் கிண்டலடித்திருக்கிறார். கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பெரிய நெகட்டிவ் வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. பறவை ஃபிலிமில் சின்னதாக விழுந்தாலும், நெகட்டிவ் பெரிதாக இருந்தால் அச்சில் விவரம் மிஞ்சும். நாம் லென்சை நீட்டுகிறோம், அவர் நெகட்டிவை அகலமாக்கினார்.

இப்போது என் படகுக்கு வருவோம். 1.4-ஐயும் 2-ஐயும் பெருக்கினால் 2.8. பிம்பம் நீளத்திலும் அகலத்திலும் 2.8 மடங்கு விரிவதால், அதே வெளிச்சம் ஏறத்தாழ 8 மடங்கு பரப்பில் பரவுகிறது. எஃப் 4 லென்ஸ் எஃப் 11 ஆகிவிடும். 1/1000 நொடியில் எடுக்க வேண்டியதை 1/125-இல் எடுக்கணும், அதுவும் ஆடுகிற படகில். என் பழைய டி.எஸ்.எல்.ஆரில் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யாது. லென்சில் இருக்கிற சின்னக் குறைகளும் அதே 2.8 மடங்கு பெரிதாகும்.

இதையெல்லாம் முக்காலி, பொறுமை, ஐ.எஸ்.ஓ. என்று ஓரளவு சமாளிக்கலாம். சமாளிக்கவே முடியாதது காற்று. ஆழமில்லாத ஏரி, வெயில் ஏறியதும் நீர்மேல் கானல் ஆடத் தொடங்கும். எனக்கும் பூநாரைக்கும் நடுவே இருந்த அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் கன்வர்ட்டர் பெரிதாக்கியது. பறவையின் கால்கள் நூடுல்ஸ் மாதிரி நெளிந்தன. கண்ணாடி தூரத்தைச் சுருக்காது, தூரத்தைப் பெரிதாக்கித்தான் காட்டும். இது புரிய எனக்கு ஒரு காலைப் பொழுது செலவானது.

அப்படியானால் இரண்டு கன்வர்ட்டர் மாட்டுவது வீண் வேலையா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். பறவைப்படக் கலையின் கதையை ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: நெருக்கத்துக்கு யார் விலை கொடுப்பது? லோதர் காலத்தில் கூடு கொடுத்தது. இன்று படகை இன்னும் கொஞ்சம் விரட்டச் சொன்னால் மேய்கிற பூநாரை கொடுக்கும். இரை தேடும் நேரத்தில் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்தாகணும். கன்வர்ட்டரில் அந்த விலையை வெளிச்சமும் கூர்மையும் கொடுக்கின்றன, அதாவது நான் கொடுக்கிறேன். நியாயமான ஏற்பாடுதான்.

இப்போதெல்லாம் 1.4 மட்டும் எடுத்துப் போகிறேன், விடிந்ததும் வேலையை முடித்துக்கொள்கிறேன். அன்றைய படங்களில் நான் வைத்திருப்பது கன்வர்ட்டர் ஏதும் இல்லாமல் எடுத்த ஒன்றே ஒன்று. பாதி ஏரி, பாதி வானம், நடுவில் அந்த வெளிர்சிவப்புக் கோடு. ஒரு பறவைகூட எழவில்லை.