முக்கோடா குனிக்கோ

முக்கோடா குனிக்கோ (28 நவம்பர் 1929 – 22 ஆகஸ்ட் 1981) டோக்கியோவில் பிறந்த ஜப்பானிய எழுத்தாளர். திரைப்பட இதழொன்றில் பணியாற்றி, வானொலிக்கு எழுதி, பிறகு தொலைக்காட்சிக்கு வந்தவர். அவரைத் தொலைக்காட்சியிலிருந்து இலக்கியத்துக்கு 'உயர்ந்தவர்' என்று சொல்வதுண்டு. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. வேறொரு பெண்ணோடு உறவு வைத்திருக்கும் முதிய தந்தை, அதைக் கண்டுபிடிக்கும் நான்கு மகள்கள்: அவர் எழுதி, 1979இல் என்எச்கே தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கிய 'அசுரரைப் போல' தொடரின் கரு இதுதான். 1980இல் நவோக்கி இலக்கியப் பரிசு பெற்ற மூன்று சிறுகதைகளில் ஒன்றான 'நீர்நாய்', பக்கவாதத்தில் விழுந்த கணவன் தன் மனைவியின் மறுபக்கத்தை உணர்வதைச் சொல்கிறது. வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் குரூரத்தை அன்றாடப் பேச்சிலும் சிறு செய்கைகளிலும் காட்டும் முறை இரண்டிலும் ஒன்றே.

முன்கோபக்காரக் கல்தச்சரைச் சுற்றிய 1974ஆம் ஆண்டுத் தொடர் 'தெராவுச்சி கந்தாரோ குடும்பம்' வெறும் அடிதடிச் சிரிப்புதானே என்று கேட்கலாம். சிரிப்பு உண்மைதான், ஆனால் அந்தக் கண்டிப்பான தந்தையேதான் 1978இல் வெளியான 'தந்தையின் மன்னிப்புக் கடிதம்' கட்டுரை நூலிலும் வருகிறார், அங்கே எழுத்தாளரின் சொந்தத் தந்தையாக. 1975இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது அவரை உரைநடைப் பக்கம் திருப்பியிருக்கலாம். ஆனால் அது அவர் பார்வையை மாற்றவில்லை. நாடகம் எழுதுவதையும் அவர் விட்டுவிடவில்லை. தைவானில் நேர்ந்த விமான விபத்தில் 51 வயதில் இறந்தார். அவர் பெயரில் 1982இல் நிறுவப்பட்ட விருது தொலைக்காட்சி நாடக ஆசிரியர்களுக்கே வழங்கப்படுகிறது.