பயனர் கணக்கும் பொறியின் எல்லையும்

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறியின் வேகத்தையும் கொள்ளளவையுமே அளவுகோலாகக் கொள்வர். தன்முன் அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறி எவ்வாறு அறிந்துகொண்டது என்பதும் அவ்வரலாற்றில் நோக்கற்பாலதாகும்.

1961ஆம் ஆண்டு மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோ குழுவினர் நேரப்பகிர்வு முறைமையொன்றைச் செயற்படுத்திக் காட்டினர். பலர் ஒரே கணனியைப் பங்கிட்டமையால், அவரவர் கோப்புகளைக் காக்கக் கடவுச்சொல் வேண்டியதாயிற்று. கணக்கும் கோப்புகளும் ஒரே பொறியில் இருந்தமையின் ஆளை அறியும் பொறுப்பும் அப்பொறிக்கே உரியதாயிற்று.

1980களில் பணிநிலையங்கள் பெருகியபோது நிலை மாறிற்று. ஒருவரது கணக்கும், அவரது கோப்புகள் தங்கும் இல்லக் கோப்பகமும் ஒரு பொறிக்குள் முடங்கின. அடுத்த பொறிக்கு அவர் அந்நியரே. சண் மைக்குரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய வலையமைப்புக் கோப்பு முறைமை, சேவையகத்திலுள்ள கோப்பகத்தை எப்பொறியிலும் அதன் சொந்தக் கோப்பகம் போலவே தோன்றச் செய்தது. அந்நிறுவனத்தின் 'மஞ்சட் பக்கங்கள்' சேவை பயனர் பட்டியலைப் பொதுவாக்கிற்று.

ஆயினும், இக்கோப்பு முறைமை ஆளைப் பெயராலன்றி எண்ணாலேயே அறிந்தது. அவ்வெண்ணைக் கூறியதும் கோப்பைக் கேட்ட பொறியே. அக்கூற்றைச் சேவையகம் அவ்வாறே நம்பிற்று. எனவே தன் பொறிமீது முழு அதிகாரம் உடையவர் பிறர் எண்ணைத் தமதாகக் காட்டுதல் எளிதாயிற்று.

இக்குறையை மசாசுசெற்ஸ் நிறுவகத்தின் அதீனாத் திட்டம் நேரடியாக எதிர்கொண்டது. டிஜிற்றல், ஐ.பி.எம். நிறுவனங்களின் துணையுடன் 1983இல் தொடங்கிய இத்திட்டம், மாணவர் எவரும் எப்பணிநிலையத்திலும் தம் கோப்புகளைப் பெறவேண்டும் என விழைந்தது. பொது அறைகளிலுள்ள பொறிகளை நம்புதல் இயலாது. ஆதலால், நீதாம், சுறோடர் ஆகியோர் 1978இல் வெளியிட்ட நெறியைத் தழுவிக் கேர்பறொஸ் என்னும் முறை அமைக்கப்பட்டது. இதில் கடவுச்சொல் வலையமைப்பிற் செல்வதில்லை. மையச் சேவையகம் வழங்கும், குறித்த காலத்துக்கே செல்லுபடியாகும் மறைகுறிச் சீட்டே ஆளுக்குச் சான்றாகும். திட்டம் 1991இல் முடிவுற்றபோதும் கேர்பறொஸ் நிலைத்தது. விண்டோஸ் 2000 முறைமையும் அதனை ஏற்றது.

இரண்டு மூன்று கணனிகளை இணைக்கும் வீடுகளிலும் இவ்வரலாறு தொடர்கின்றது. லினக்ஸ் முறைமைகள் பல, முதற் பயனருக்கு 1000 என்னும் எண்ணை வழங்குகின்றன. ஒரு பொறியில் தமையனும் மற்றொன்றில் தங்கையும் அவ்வெண்ணைப் பெறின், எண்ணை மட்டும் நம்பும் சேவையகம் இருவரையும் ஒருவராகவே கொள்ளும். தங்கையின் கோப்புகள் தமையனுக்குத் திறந்துவிடும்.

பொறியினின்று பயனர் பெற்ற விடுதலை, மையச் சேவையகத்தின் மீது வைத்த நம்பிக்கையாற் கிட்டியதாகும். அது செயலிழப்பின் அனைவரும் வெளியே நிற்க நேரும். அது பிறர் கைப்படின் அனைவரது அடையாளமும் பறிபோகும். ஆகவே, அச்சேவையகம் எவர் பொறுப்பில் உள்ளது என்பது பல்கலைக்கழகமாயினும் வீடாயினும் முதலில் எழுப்பவேண்டிய வினாவாகும்.