விசாரம் வந்த வழி

மலையாளி "ஞான் விசாரிச்சு" என்றால் எதையோ நினைத்தார் என்று பொருள். தெலுங்கில் விசாரம் என்பது வருத்தம். கன்னடத்தில் அது விஷயம், சங்கதி. சமஸ்கிருதத்திலிருந்து கிளம்பிய சொல், தெற்கே வந்து வீட்டுக்கு வீடு வேறு வேலையில் அமர்ந்தது. தமிழோ அதற்கு ஒரே வேலையோடு ஓய்வு கொடுக்கவில்லை.

புறப்பட்ட இடத்தில் அது ஆராய்ச்சி. நடத்தல், திரிதல் என்னும் பொருளுள்ள 'சர்' வேரில் பிறந்தது. அந்தப் பழைய பொருள் மங்காமல் இருப்பது திருவண்ணாமலையில்: 'நான் யார்?' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்படி ரமணர் காட்டிய வழிக்கு ஆத்ம விசாரம் என்று பெயர்.

ஒன்றையே சுற்றித் திரியும் மனத்துக்கு விடை கிடைக்காவிட்டால்? "என்ன விசாரமா இருக்கே?" என்று பாட்டி கேட்பது அந்த நிலையைத்தான். யாழ்ப்பாணத்தில் "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று தேற்றும்போதும் யோசனை இப்படியே கவலையாகியிருக்கிறது. ஆனாலும் கவலை வேறு. கவலை நெஞ்சில் கனக்கும். விசாரம் ஓரிடத்தில் நிற்காது.

அங்கிருந்து அது அன்பாக மாறியதுதான் எனக்குப் பெரிய அதிசயம். "அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு" என்பதில் கேள்வியே இல்லை. 'கேட்டதாகச் சொல்லு' என்று ஏற்கெனவே சொல்லிவந்த தமிழ், தன் 'கேள்' பக்கத்திலேயே இதற்கும் இடம் போட்டது என்று நினைக்கிறேன். அக்கறையை மனத்துக்குள்ளேயே வைத்திருக்கலாம். விசாரிக்க வேண்டுமானால் வாசற்படி ஏற வேண்டும், இல்லை ஆளிடமாவது சொல்லி அனுப்ப வேண்டும். துக்கம் விசாரிக்கப் போகிறவர் தெரிந்த செய்தியையே "எப்படி ஆச்சு?" என்று கேட்கிறார். வந்தவர் ஒவ்வொருவருக்கும் வீட்டார் முதலிலிருந்து சொல்கிறார்கள்: ராத்திரி மூச்சு வாங்கியது, ஆட்டோ கிடைக்காதது, டாக்டர் கையை விரித்தது. சொல்லச் சொல்ல அழுகை கொஞ்சம் அடங்குகிறது. நெல்லைப் பக்கம் இதைத் துட்டி கேட்பது என்பார்கள். அங்கேயும் ஆறுதலின் வினை கேட்பதுதான்.

இதே சொல்லின் குடும்பம்தான் காவல் நிலையத்துக்குள்ளும் போயிற்று. வெற்றிமாறனின் 'விசாரணை' 2016இல் திரைக்கு வந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு, பதிலை முன்பே முடிவு செய்துவிட்டு அடித்துக் கேட்கும் கேள்வி எப்படிப்பட்டது என்று தெரியும்.

கவலை என்ற பொருளில் விசாரம் இப்போது பெரியவர்கள் பேச்சில்தான் அதிகம். இளையவர்களுக்கு டென்ஷன் போதுமாக இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. போனை வைக்குமுன் "வீட்ல எல்லாரையும் விசாரிச்சேன்னு சொல்லு" என்கிறோமே, அது அவர்கள் வாய்க்கும் வந்து சேர வேண்டும்.