எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் மன உளைச்சலை அறிதலும்

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்பது, நோயுற்ற மஜ்ஜையைக் கடும் மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிட்டு, கொடையாளி ஒருவரின் நலமான மஜ்ஜையை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது. ரத்தப்புற்று நோயாளிகள் சிலருக்கு முழுக் குணம் தரக்கூடிய வழி இது. இதுவே உயிரைப் பறிக்கவும் கூடும். ஆகவே, செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாட்கள் நோயாளிக்கு மிகக் கடினமானவை. அந்நாட்களில் அவர் மனம் படும் பாட்டைக் கவனிக்க மருத்துவம் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது.

1957இல் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ், 6 நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றிய அனுபவத்தை வெளியிட்டார். அவர்களில் எவரும் 100 நாட்களைத் தாண்டி வாழவில்லை. 1977இல் சியாட்டில் நகரில் அவருடைய குழு, முற்றிய ரத்தப்புற்றுடன் வந்த 100 பேரின் விவரத்தை வெளியிட்டது. 13 பேர் நோயின்றி வாழ்ந்துகொண்டிருந்தனர். அன்றைக்கு இது பெரும் சாதனை. 1990இல் தாமசுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் 100க்கு 13 என்பது மருத்துவருக்கு ஒரு கணக்கு, கையெழுத்துப் போட வேண்டியவருக்கு வேறு கணக்கு.

இந்த இரண்டாவது கணக்கைத் தொடக்கத்திலேயே கவனித்தவர்கள் பிரவுன், கெல்லி என்ற இருவர். 1976இல் வெளியான கட்டுரையில், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை மனநல நோக்கில் 8 கட்டங்களாக அவர்கள் பிரித்தனர். முதல் கட்டமாக அவர்கள் வைத்தது மருந்தையோ தனிமை அறையையோ அல்ல. சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முடிவை. படுக்கையில் சேருமுன்பே மனப்போராட்டம் தொடங்கிவிடுகிறது என்பது இதன் பொருள்.

அதைக் கண்டறிவதுதான் கடினம். தூக்கமின்மை, பசியின்மை, ஓயாத களைப்பு ஆகியவை மற்றவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள். ரத்தப்புற்று நோயாளியிடம் இவை நோயாலும் வரும், மருந்தாலும் வரும். 'உடம்பு முடியவில்லை, அதனால்தான் இப்படி' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பேசாமல் இருப்பவரைத் தைரியசாலி என்பார்கள். சொன்னவுடன் 'சரி' என்பவர் புரிந்துகொண்டுதான் தலையாட்டுகிறார் என்று நினைப்பார்கள். பயத்தில் எதுவும் காதில் விழாமலும் அவர் தலையாட்டியிருக்கலாம். கொடையாளி உடன்பிறந்தவராக இருந்தால் இன்னொரு சுமை சேரும். ஒரு உடன்பிறப்பின் திசு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். பொருந்திய தம்பிக்குத் தொல்லை தருகிறோமே என்று அண்ணன் தவிப்பார். தன் மஜ்ஜை பலிக்காமல் போனால் என்ன செய்வது என்று தம்பி தவிப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு 1983இல் ஒரு வழி பிறந்தது. சிக்மண்ட், சினைத் என்ற இரு மருத்துவர்கள், பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7 என 14 வினாக்கள் கொண்ட படிவத்தை அமைத்தனர். உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே தவிர்த்தனர். பசி எப்படி என்று கேட்காமல், முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா, சிரிக்க முடிகிறதா என்று கேட்டனர்.

1991இல் வெளியான ஓர் ஆய்வு, மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற 100 ரத்தப்புற்று நோயாளிகளின் குறிப்பேடுகளைப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் மனச்சோர்வு காணப்பட்ட 13 பேரில் 12 பேர் ஓராண்டுக்குள் இறந்திருந்தனர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து மனச்சோர்வே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நோய் முற்றியவர்களே அதிகம் சோர்ந்திருக்கவும் கூடும். இருந்தாலும், மனநிலையை விசாரிப்பது வெறும் ஆறுதலுக்காக அல்ல என்ற எண்ணம் இத்தகைய ஆய்வுகளால் வலுத்தது.

நியூயார்க்கின் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர் சொல்லையே மாற்றினார். 'மனநோய்' என்றால் நோயாளி வாயை மூடிக்கொள்வார். 'உளைச்சல்' என்றால் ஒப்புக்கொள்வார். அவர் தலைமையிலான குழு 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில் வெப்பமானி வடிவப் படம் ஒன்று இடம்பெற்றது. கடந்த வாரத்தில் உளைச்சல் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை நோயாளியே குறிக்க வேண்டும். இப்போது 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் விசாரிக்கிறார்கள். அருகிலுள்ள பட்டியலில் பணம், பிள்ளைகள், பயம், தூக்கம் என்று காரணங்களையும் குறிக்கலாம்.

இந்தியாவில் இச்சிகிச்சை 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. இங்கே நோயின் பெயரைக்கூட முதலில் குடும்பத்தாரிடம் சொல்லும் வழக்கம் பரவலாக உண்டு. அம்மாவும் அண்ணனும் பக்கத்தில் நிற்கும்போது 'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?' என்று கேட்டால், பெரும்பாலும் 'ஒன்றுமில்லை' என்றே பதில் வரும். அதே தாளை நோயாளி தனியாக இருக்கும்போது, ஒப்புதல் படிவம் நீட்டப்படுவதற்கு முன்பே கொடுத்தால், வேறு எண் வர வாய்ப்புண்டு.