சிங்கோனாப் பட்டையும் மலைநாட்டு மக்களும்

நுவரெலியாவை அடுத்துள்ள ஹக்கல பூங்காவுக்கு, மலர்களைக் காட்டவே மாணவர்களை நாம் அழைத்துச் செல்கிறோம். ஆனால், 1861ஆம் ஆண்டில் அப்பூங்கா தோற்றுவிக்கப்பட்டது மலருக்காக அன்று, சிங்கோனா மரத்துக்காகவே.

தென்னமெரிக்க மலைவாசிகள் காய்ச்சலுக்குப் பயன்படுத்திய மரப்பட்டை அது. 1820இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். வெப்ப நாடுகளில் படைகளையும் அதிகாரிகளையும் நிலைநிறுத்த மலேரியாவுக்கு மருந்து வேண்டியிருந்த பிரித்தானியர், அம்மரத்தை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்தனர்.

1869இல் இலைநோய் கோப்பியைத் தாக்கியது. நட்டமடைந்த துரைமார் சிங்கோனாவை நாடினர். 1880களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஒரு கோடி இராத்தலுக்கும் மேற்பட்ட பட்டை இத்தீவிலிருந்து ஏற்றுமதியாயிற்று. பட்டை மிகுந்தது; விலை வீழ்ந்தது. கொயினாச் சத்து மிகுந்த ஜாவாப் பட்டை சந்தையைக் கைப்பற்றவே, அந்நிலங்களைத் தேயிலை மூடியது.

அம்மரங்களை நட்டவர் யார்? பட்டையை உரித்தவர் யார்? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரே. காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். எஞ்சியோரின் கைகள் உரித்த காய்ச்சல் மருந்தோ இலண்டன் சந்தைக்குச் சென்றது!

கோடி இராத்தல் பட்டையை ஏற்றுமதி செய்த இதே தீவில், 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் குடித்தது. நோயோடு பசியும் சேர்ந்தே அவர்களைக் கொன்றது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு உணவையும் கிராமங்களுக்குச் சுமந்து சென்றதன் காரணம் இதுவே.

பழைய வரலாறு என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. சீனப் பழம் மருத்துவ நூலொன்றின் துணையோடு, தூ யூயூ குழுவினர் 1972இல் ஆர்ட்டெமிசினின் என்னும் மலேரியா மருந்தைக் கண்டனர். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலோ, நீரிழிவுக்காரர் பொன்கொரண்டி மரக் குவளையில் இரவு முழுவதும் ஊறிய நீரைப் பருகுவது பழைய வழக்கம். சிங்களவர் அதனைக் கொத்தல ஹிம்புட்டு என்பர். மாச்சத்து சர்க்கரையாக மாறுவதைத் தாமதப்படுத்தும் சலசினோல் என்னும் பொருளை அதிலிருந்து பிரித்தவர்கள் ஜப்பானிய அறிஞர்கள்.

ஆய்வுக்கூடத்தை நாம் பழிக்கவில்லை. பாட்டியின் அனுபவம் சோதனையால் உறுதிப்பட்டே மருந்தாக வேண்டும். ஆயின், அறிவைக் காத்த மக்களுக்கும் செடியை வளர்த்த கைகளுக்கும் அம்மருந்தில் பங்கு வேண்டாமா? அடுத்த முறை மாணவர்களோடு ஹக்கல செல்கையில், மலரைக் காட்டுமுன் இக்கதையைச் சொல்வோம்.