பவுடர் ப்ளூ டேங்

பவுடர் ப்ளூ டேங் (அகாந்தூரஸ் லியூகோஸ்டெர்னான்) இந்தியப் பெருங்கடலின் பவளத்திட்டுகளில் வாழும் சர்ஜன் மீன். வெளிர்நீல உடல், கரிய முகம், மஞ்சள் முதுகுத்துடுப்பு, முகத்துக்குக் கீழே வெள்ளை; அறிவியல் பெயரின் பின்பாதிக்கு வெண்மார்பு என்றே பொருள். 1833இல் பென்னட் இதை விவரித்தது இலங்கைக் கடல் மீனை வைத்துத்தான். வாலடியில் இருபுறமும் பள்ளத்துக்குள் மடங்கிக் கிடக்கும் கத்திபோன்ற முள்ளால் ‘சர்ஜன்’ என்ற பெயர் வந்தது.

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் இதன் நிறத்தில் மயங்கி வாங்கிச் சில வாரங்களிலேயே பறிகொடுப்பதுண்டு. முக்கியக் காரணம் வெண்புள்ளி நோய். கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி சில நாள் மீனின் தோலைத் தின்றுவிட்டு உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ கூடு கட்டிக்கொள்ளும். கூடு வெடிக்கும்போது நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடும். கடலில் அவற்றில் பெரும்பாலானவை வழிதவறிச் சாகும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் தேடிப்போக அதே மீன்தான் இருக்கிறது. புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று நினைப்பது பெரும்பிழை. புதுமீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும். செம்பு கலந்த மருந்தையும் அங்கேதான் கொடுக்கலாம். பவளம், இறால், நத்தை எதுவும் செம்பைத் தாங்காது. நோய் கண்ட பெருந்தொட்டியை ஆறு வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டரை மாதம்வரை, மீனின்றி விட வேண்டும்.

அலையடிக்கும் திட்டோரத்தில் நாளெல்லாம் நீந்திப் பாசி மேயும் மீன் இது. கடையில் உள்ளங்கையளவு இருக்கும். வளர்ந்தால் 20 செ.மீ.க்கு மேல் போகும். ஆறடி நீளமும் 500 லிட்டர் நீருமாவது வேண்டும். ஆழத்தைவிட நீளமே இதற்குப் பயன்படும். வலுவான நீரோட்டம், 24–27 பாகை செல்சியஸ் வெப்பம், 1.023–1.025 ஒப்படர்த்தி போதும். உலர்ந்த நோரி பாசித்தாளைக் கிளிப்பில் மாட்டித் தினமும் தர வேண்டும். வயிறு ஒட்டிய மீனை வாங்கக் கூடாது.

உருவொத்த மீனைக் கண்டால் வாலை வீசித் தாக்கும். எனவே தொட்டிக்கு ஒன்று, அதுவும் கடைசியாக விடுவது. வலைபோட்டுப் பிடித்தால் வாலடி முள் கண்ணியில் மாட்டும். டப்பாவில் நீரோடு முகந்தெடுப்பதே நல்லது.

சர்ஜன் மீன் குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்தே வளர்வதால் இவற்றைப் பண்ணையில் வளர்ப்பது கடினம். மஞ்சள் டேங் 2015இல் ஹவாயிலும், நீல டேங் 2016இல் புளோரிடாவிலும் முதன்முதலாக வளர்த்தெடுக்கப்பட்டன. கடைக்கு வரும் பவுடர் ப்ளூ பெரும்பாலும் கடலில் பிடித்ததே.